இரும்புப் பாலத்தில் இறக்காத சந்தூக்கு

2025 பெப்ரவரி 17, திங்கட்கிழமை. எனது மூத்த சகோதரர், எங்கள் காக்கா அவர்கள், அன்றும் சுபஹ் தொழுகையை முடித்துக்கொண்டு பள்ளிவாசலின் பின் விறாந்தைக்குச் சென்றார். ஜனாஸாவை, இறந்தவரின் உடலை, சுமக்கும் சந்தூக்குப் பெட்டியை ஈரத் துணியால் துடைத்தார். நான்கு கால்களையும் அசைத்துப் பார்த்தார். மேலே போர்த்தும் பச்சைத் துணியை வெயில் படும் கொடியில் விரித்தார். ஊரில் மரணம் நேராத நாட்களிலும் அவருடைய காலை இப்படித்தான் தொடங்கும். பிறகு வீட்டுக்கு வந்து சீனி போடாத தேநீரும் ஒரு ரொட்டியும் எடுத்துக்கொண்டார். ரொட்டியை இடது பக்கத்துப் பற்களால் மட்டும் மென்றார். வலது தாடை கடிக்க உதவாமல் போய்ப் பதினொரு வருடங்கள் ஆகியிருந்தன.

அதன்பின் சைக்கிளில் இரும்புப் பாலத்துக்குப் போனார். பாலத்தின் தகடுகளுக்கு இடையிலுள்ள தண்ணீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தி, அடைத்திருந்த மண்ணை எடுத்துவிட்டார். பாலத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அவர் விடாத பழக்கம் இது. தண்ணீர் தேங்கினால் இரும்பைத் துரு தின்றுவிடும் என்பார். வீடு திரும்பியதும் எங்கள் மதினியிடம், “நெஞ்சுக்குள்ள என்னமோ புடிக்கிற மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் சாயிறன்” என்று சொல்லிப் பாயில் படுத்தார். எனது மகன் முச்சக்கரவண்டி பிடித்துக்கொண்டு வருவதற்குள் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றுக்கொண்டார்.

அவர் நம்மைப் பிரிந்து ஒரு வருடம் நிறைவுறும் இந்நாளில் உங்கள் கைகளில் இருப்பது குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை அவர் பெயரில் அச்சிட்ட புத்தகம். அதன் முன்பக்கங்களில் அவரைப் பற்றிச் சிறிது எழுதும் பொறுப்பு ஒரே தங்கையான எனக்கு வந்தது. நான் பிரசவம் பார்க்கும் குடும்ப நல மருத்துவ மாதாக வேலை செய்கிறவள். நடந்ததை நடந்தபடி அன்றன்றே எழுதிவைப்பது என் தொழிலோடு வந்த பழக்கம். பாலத்துச் சம்பவம் ஊரில் பல விதமாகச் சொல்லப்படுகிறது. பாலத்தின் நடுவில் சந்தூக்குக்குள் இருந்தவர் தும்மினார் என்றும், காக்கா ஐயாயிரம் பேரை ஏமாற்றினார் என்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். யாரும் தும்மவில்லை. ஐயாயிரம் பேர் அந்தப் பாலத்தில் நிற்கவும் முடியாது. ஆகவே இதைச் சரியாக எழுதிவைப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

காக்கா அவர்கள் பிறந்தது கல்முனையில், கடற்கரையை அண்டிய எங்கள் உம்மாவின் வளவில். வாப்பா கரைவலைத் தோணியில் வேலை செய்தவர். வாடைக் காற்று மூர்க்கமாக வீசிய ஒரு காலையில் தோணி புரண்டது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். வாப்பாவின் உடல் கிடைக்கவேயில்லை. அப்போது காக்காவுக்குப் பதினைந்து வயது. எனக்கு நான்கு. உம்மா வாசற்கதவைச் சாத்தவிடாமல் பல நாட்கள் கடற்பக்கம் பார்த்தபடி இருந்தார் என்று காக்கா சொல்வார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

படிப்பை நிறுத்திவிட்டுப் பாலத்துக்குச் சாயம் பூசும் கூலிக் கூட்டத்தில் சேர்ந்தார். நமது இரும்புப் பாலம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டப்பட்டது. ஆற்றுக்குக் கிழக்கே நகரமும், இறந்தவர்களை அடக்கும் மையவாடியும், கடலும். மேற்கே வயல் வட்டைகளும் பாலத்தடிக் குடியிருப்பும். இடையில் ஐந்து கண்கள் கொண்ட இந்தப் பாலம். இரு பக்கமும் இரும்புச் சட்டங்கள் கோணல் கோணலாக ஒன்றையொன்று குறுக்கிட்டு எழும்பித் தலைக்கு மேலே சேர்ந்துகொள்ளும். ஒரு வண்டி ஏறினால் எதிர்ப்பக்கத்து வண்டி காத்து நிற்கவேண்டும். அவ்வளவு ஒடுக்கம். காக்கா ஒரு பலகையின் இரு பக்கமும் கயிறு கட்டி, அந்த ஊஞ்சலில் ஆற்றுக்கு மேலே தொங்கியபடி துருவைச் சுரண்டுவார். பிறகு சிவப்புச் சாயம், அதற்கு மேல் வெள்ளிச் சாயம். மேற்குக் கரையில் தொடங்கிக் கிழக்குக் கரையில் முடிப்பதற்குள் மேற்கில் மறுபடி துரு தொடங்கிவிடும்.

அந்தக் கயிற்று ஊஞ்சல் யுத்த காலத்தில் வேறு வேலைக்குப் பயன்பட்டது. மேலாற்றிலிருந்து உடல்கள் மிதந்து வந்து பாலத்தின் தூண்களில் சிக்கும். கை கட்டப்பட்டவை, தலை இல்லாதவை, முகம் தெரியாதவை. காவலுக்கு நின்றவர்கள் பாலத்திலிருந்து கம்பால் குத்தி அவற்றைக் கடலுக்கு அனுப்பிவிடச் சொல்வார்கள். காக்கா தனது ஊஞ்சலில் இறங்கி, உடலின் கமக்கட்டுக்குள் கயிற்றைப் போட்டு மேலே இழுப்பார். ஒரு தடவை அவர் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கரையிலிருந்து சுட்டார்கள். சட்டத்தில் பட்டுத் தெறித்த இரும்புச் சிம்பு அவருடைய தோளில் கடைசிவரை இருந்தது. சுன்னத்துச் செய்திருந்தால் நமது பள்ளிக்கும், இல்லையென்றால் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புக்கும் சொல்லி அனுப்புவார். இரு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து எடுத்துச் செல்வார்கள். யார் செய்தது என்று அவர் கேட்டதில்லை. யாருடைய பிள்ளை என்று மட்டும் கேட்பார்.

எங்கள் வழமைப்படி பெண்ணுக்குத்தான் வீடு. எனக்கு வீட்டைக் கட்டி, கல்லூரிப் படிப்பும் தந்து, திருமணமும் முடித்துவைத்த பின்னரே காக்கா தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். முப்பத்தேழு வயதில் பாலத்தின் மேற்குக் கரையில் மதினியின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனார். வீட்டுக்குப் பின்னால் சிறிய பள்ளிவாசல். அதன் சந்தூக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரே கேட்டு எடுத்துக்கொண்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனது மகன் றிஸ்கானைத்தான் இருவரும் மகன் என்று சொல்வார்கள்.

பாலத்தடியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஜனாஸா போகும்போது சந்தூக்கைப் பாலத்தின் மேல் இறக்கக் கூடாது. முன்னொரு காலத்தில் பாலத்துக்குப் பலகைத் தளம் இருந்தபோது, தோள் மாற்றுவதற்காக இறக்கிய ஒரு சந்தூக்கின் கால் பலகை இடுக்கில் விழுந்து, அது சரிந்துவிட்டதாம். பலகை போய்த் தகடு வந்த பின்னும் கட்டுப்பாடு நிலைத்துவிட்டது. இறக்காமல் நடந்தபடியே தோள் மாற்றவேண்டும். ஜனாஸாவைக் காண்கிறவர் யாராக இருந்தாலும் சில அடிகளாவது தோள் கொடுப்பது நமது கடமை என்பதால், பாலத்தில் சந்தூக்கு மனிதக் கைகளில் மிதந்து போவதுபோல இருக்கும். நான் சொல்லப்போவது இந்த இரண்டு வழக்கங்களினால் நடந்தது.

காக்கா மறைவதற்குப் பதினொரு வருடங்களுக்கு முந்திய அறுவடைக் காலம். றிஸ்கானுக்கு இருபத்திரண்டு வயது. மேற்கு வட்டையில் வெட்டு மெசினோடு கூலிக்குப் போயிருந்தான். மெசினை ஓட்டியவர் பாண்டிருப்பைச் சேர்ந்த தவராசா. வெட்டும் பற்களில் வைக்கோல் சிக்கியது. மகன் இறங்கிக் குனிந்து அதை இழுத்துக்கொண்டிருந்தான். அவன் விலகிவிட்டதாக நினைத்துத் தவராசா மெசினை முடுக்கினார். இடது கால் முழங்காலுக்குக் கீழே உள்ளே போய்விட்டது.

தவராசா தனது சாரனைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டினார். வயலிலிருந்த மற்றவர்கள் மகனை உழவு இயந்திரத்தில் போட்டு மேற்கே இருந்த கிராமிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் போன பிறகு யாரோ மெசினில் வழிந்த இரத்தத்தையும் அறுந்து கிடந்த காலையும் படம் பிடித்து, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து கைப்பேசியில் அனுப்பியிருக்கிறார். நகரத்துக்கு வந்து சேரும்போது அந்தப் படத்தோடு ‘மவுத்’, இறந்துவிட்டான், என்ற சொல்லும் சேர்ந்திருந்தது.

நான் அப்போது நகரத்துச் சிகிச்சை நிலையத்தில் குழந்தைகளை நிறுத்துக்கொண்டிருந்தேன். தராசில் ஒரு குழந்தை கிடக்கும்போதே ஒரு தாய் என்னிடம் கைப்பேசியை நீட்டினாள். அந்தக் காலின் பெருவிரல் நகத்தை எனக்குத் தெரியும். குழந்தையை அதன் தாயிடம் கொடுத்தேன். பிறகு பாலத்தை நோக்கி ஓடினேன். மகனின் கைப்பேசி அடிக்கவில்லை. காக்காவுடையதும் அடிக்கவில்லை. வட்டைப் பக்கம் அந்நாளில் சிக்னல் கிடையாது.

பாலத்தில் ஊரே நின்றது. நெல் லொறிகளில் சாக்குத் தூக்கும் கொக்கிகள், மண்வெட்டிப் பிடிகள், தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் கைகளில் இருந்தன. மேற்கே கரும்புகை எழுந்தது. வெட்டு மெசினுக்குத் தீ வைத்துவிட்டார்கள். ஒரு கூட்டம் வரம்புகளில் ஓடி வைக்கோற் போர்களைக் குத்திக் குத்திப் பார்த்தது. தவராசா கிழக்கே தன் ஊருக்குப் போகவேண்டுமென்றால் பாலத்தில்தான் ஏறவேண்டும். ஆகவே மற்றவர்கள் பாலத்தை அடைத்து நின்றார்கள்.

“வரட்டும். வந்தா ஆத்துலதான் போவான்.”

“அவன் நம்மட ஆளில்லடா, அந்தப் பக்கத்தான். வேணுமெண்டுதான் உட்டிருக்கான்.”

நீலச் சேர்ட் போட்ட ஒருவர் மோட்டார் சைக்கிளில் மேற்கிலிருந்து வந்தார். தவராசாவும் நீலச் சேர்ட் போட்டிருந்தாராம். அது போதுமானதாக இருந்தது. இழுத்து வீழ்த்தினார்கள். அவர் பிஸ்கட் விற்பனை முகவர் என்று அடையாள அட்டையை எடுத்துக் காட்டுவதற்குள் அவருடைய தலையைப் பிடித்து இரும்புச் சட்டத்தில் மோதினார்கள். தறையாணிகளின் வரிசை அவருடைய நெற்றியில் பதிந்து கிழிந்தது. பிஸ்கட் பெட்டிகள் தகட்டில் சிதறின. நான் எனது முக்காட்டுத் துணியைச் சுருட்டி அந்தக் காயத்தை அழுத்திப் பிடித்தேன். என் மகனுக்காக அடிக்கிறார்கள் என்பதும், அடிபட்டவரின் இரத்தம் என் கையில் சூடாக இருந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன.

கூட்டத்தின் முன்னால் எனது கணவர் நின்றார். அவர் துணிக்கடை வைத்திருப்பவர். பெருநாளுக்குக் கோழி அறுக்கவும் பக்கத்து வீட்டில் ஆள் தேடுகிறவர். அன்று அவருடைய கையில் ஒரு நீளமான இரும்புக் குழாய் இருந்தது. என்னைக் கண்டும் அவருடைய கண்ணில் என்னைத் தெரிந்த குறி இருக்கவில்லை.

அதே நேரத்தில் மேற்குக் கரையில் நடந்ததைப் பிறகு மதினி சொல்லி அறிந்தேன். தவராசா வாய்க்காலுக்குள் ஊர்ந்து வந்து காக்காவின் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். காக்கா அவரைக் கண்டபோது முதலில் கேட்டது, “புள்ள எங்க?” என்பதுதான்.

“உசிரோடதான் கொண்டுபோனாங்க காக்கா. கால்தான்... கால் இல்ல.”

காக்கா தவராசாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அதையும் மதினி மறைக்கவில்லை. அறைந்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினார். பாலத்தின் மேற்கு முனையில் நின்ற இளைஞர்களிடம் பிள்ளை உயிரோடு இருப்பதாகச் சொல்லிப் பார்த்தார். “படத்தப் பாத்த பொறகும் என்ன கதை கதைக்கிறீங்க?” என்று அவரைத் தள்ளிவிட்டார்கள். வைக்கோற் போர்களைக் குத்திக்கொண்டு வந்தவர்கள் அடுத்ததாக வீடுகளுக்குள் வருவார்கள் என்பது தெரிந்தது. காக்கா பள்ளியைச் சேர்ந்த மூவரை அழைத்து விஷயத்தைச் சொன்னார். ஒருவர் மறுத்துப் போய்விட்டார். மற்ற இருவரும் தயங்கினார்கள்.

“சந்தூக்குல காபிர ஏத்துறதா? நாளைக்கு என்ன பதில் சொல்ற?”

“நாளைக்குள்ள பதில நான் சொல்லுறன். நீங்க இண்டைக்குத் தூக்குங்க” என்றாராம் காக்கா. மதினியின் தம்பி நான்காம் காலைப் பிடித்தார்.

பாலத்தில் நின்ற எங்களுக்குக் கேட்டது கலிமாச் சத்தம். ஜனாஸாவோடு சொல்லும் அந்த ஓசை மேற்கு முனையிலிருந்து வந்ததும் பாலம் முழுவதும் ஒரு சத்தம் எழுந்தது. எல்லாரும் தங்கள் குழாய்களையும் பிடிகளையும் சட்டங்களில் சாய்த்துவைத்தார்கள். இரும்பில் இரும்பு படும் அந்த ஒலி ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடியது. தொப்பி இருந்தவர்கள் தொப்பியையும் இல்லாதவர்கள் கைலேஞ்சியையும் தலையில் போட்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அடித்துக்கொண்டிருந்த கைகள் சந்தூக்கின் கால்களை நோக்கி நீண்டன.

காக்கா முன் இடக் காலைப் பிடித்திருந்தார். எனது கணவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் முன் வலக் காலைத் தோளில் வாங்கினார். தன் மகனைச் சுமப்பதாகவே நம்பினார். அவருடைய வாயிலிருந்து கலிமா வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. விற்பனை முகவரை அடித்தவர்களும், மெசினுக்குத் தீ வைத்தவர்களும், ஆளுக்கு ஐந்தாறு அடி தூரம் முறை வைத்துத் தோள் கொடுத்தார்கள். தாங்கள் தேடிய மனிதரை அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள்.

நடுக் கண்ணில் நான் குறுக்கே போய் நின்றேன்.

“மொகத்தப் பாக்கணும். இறக்குங்க.”

“பாலத்துல இறக்கப்படாது” என்றார் காக்கா. “நடங்க, நடங்க.”

நான் சந்தூக்கின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். பெற்றவள் கேட்கிறாள், காட்டுங்கள் என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. நடை நின்றுவிட்டது. இறக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. காக்கா தன் முழங்காலைச் சற்று மடித்து, தன் பக்கத்தை எனது உயரத்துக்குத் தாழ்த்தினார். நான் பச்சைத் துணியின் ஓரத்தைத் தூக்கினேன்.

உள்ளே முன்பின் தெரியாத ஒரு முகம். கண்கள் திறந்திருந்தன. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் வழிய, அதைத் துடைக்கவும் கையை அசைக்காமல், வெள்ளைத் துணியின் நுனியைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு அந்த மனிதர் என்னைப் பார்த்தார்.

காக்காவின் வாய் எனது காதோடு இருந்தது.

“மகன் உசிரோட இரிக்கான் தங்கச்சி. நீ கத்து.”

வேறு விளக்கம் எதுவும் அவர் தரவில்லை. தர நேரமும் இல்லை. என் கணவர் மூன்றடி தூரத்தில் நின்றார். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பதற்கு என்னிடம் இருந்தது காக்காவின் வார்த்தை மட்டுமே. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் என்னிடம் பொய் சொன்னதில்லை. துணியை மூடினேன். பிறகு கத்தினேன். எத்தனையோ பிரசவங்களில் எத்தனையோ கதறலைக் கேட்டவள் நான். என்னிடமிருந்து அன்று வந்ததைப் போன்ற சத்தத்தைக் கேட்டதில்லை. யாருக்காகக் கத்தினேன் என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. கூட்டமும் சேர்ந்து அழுதது. சந்தூக்கு நகர்ந்தது.

கிழக்கு முனையில் பொலிஸ் காவலரண் இருந்தது. விபத்து மரணம் என்றால் மரண விசாரணை வேண்டும் என்பதால் காக்கா நேராக அதற்குள் திரும்பியதை யாரும் சந்தேகிக்கவில்லை. வாசற் படலைக்கு உள்ளே, சிமெந்துத் தரையில்தான் சந்தூக்கை இறக்கினார். துணியை விலக்கினார். தவராசா எழுந்தார். எழுந்த வேகத்தில் கால் மடங்கி விழுந்து, பிறகு தவழ்ந்து உள்ளறைக்குள் போனார். அவருடைய சேர்ட்டின் முதுகு முழுவதும் இரத்தம்.

வெளியே நின்றவர்கள் அதைக் கண்டார்கள். அதன் பிறகு படலை முறிந்தது.

முதல் அடி எனது கணவருடையது. பாலத்தில் சாய்த்துவைத்த குழாயை ஓடிப்போய் எடுத்து வந்திருந்தார். காக்காவின் வலது தாடையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். பற்கள் வாயிலிருந்து இரத்தத்தோடு சிமெந்தில் விழுந்தன. இன்னும் பலர் மிதித்தார்கள். விலா எலும்புகள் மூன்று முறிந்ததாகப் பின்னர் வைத்தியர் எழுதினார். யாரோ ஒருவர், “அந்தச் சந்தூக்க உடைங்கடா, நெருப்பு வைங்கடா!” என்று கத்தினார். காக்கா உருண்டுபோய் அதன் மேல் குப்புறப் படுத்து இரு கைகளாலும் கட்டிக்கொண்டார். உடைந்த வாயால் அவர் சொன்னது எல்லாருக்கும் விளங்கியது.

“இத உடைச்சா நாளைக்கு நீங்க எதுலடா போவீங்க?”

அப்போதும் அடித்தார்கள். பொலிசார் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். கூட்டம் பின்வாங்கிய அந்த இடைவெளியில் ஒரு கொன்ஸ்டபிளின் மேசைத் தொலைபேசி அடித்தது. கிராமிய வைத்தியசாலையிலிருந்து. என்னைக் கேட்டார்கள். மகன் உயிரோடு இருக்கிறான், இரத்தம் வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும், தொடையில் கட்டுப் போட்டது யார், அந்தக் கட்டு இல்லையென்றால் வழியிலேயே போயிருப்பான் என்றார்கள். நான் அதை அப்படியே உரத்துச் சொன்னேன். எனது கணவர் குழாயைப் பிடித்தபடி பாலத்தின் கிழக்கு முனைப் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மாலைவரை எழும்பவில்லை.

மகனின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவன் இப்போது கைப்பேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். தவராசாவுக்கு நீதிமன்றம் தண்டனை வழங்கியது, அதை அனுபவித்தார். பிறகு மெசினில் ஏறவில்லை, தச்சு வேலை பழகினார். வெளியே வந்ததும் என் வீட்டுக்கு வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் மீண்டும் வந்தார். அன்று மகன் திறந்தான்.

காக்கா இரண்டு மாதம் கஞ்சி மட்டும் குடித்தார். பள்ளிவாசலில் அவரை விசாரித்தார்கள். சந்தூக்கைக் கழுவும்படியும் பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்யும்படியும் சொன்னார்கள். இரண்டையும் செய்தார். ஆனால் செய்தது சரியா என்று கேட்டபோது, “அந்தப் பொடியன ஆத்துல இருந்து கயித்தப் போட்டு எடுக்கிற வேல எனக்கு மிச்சம்” என்று மட்டும் சொன்னார். ஊர் இளைஞர்கள் சும்மா விடவில்லை. அவர் சைக்கிளில் போகும்போது, “காக்கா, அடுத்த பஸ் எத்தின மணிக்கு?” என்று கேட்பார்கள். “டிக்கட் எடுத்திட்டியா? எடுத்தா வா, படு” என்று திரும்பிப் பாராமலே பதில் சொல்வார்.

மிகவும் வலித்தது வேறொன்று. எனது கணவர் அவரை எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். காக்கா சாயம் பூசிச் சம்பாதித்துக் கட்டிய வீடு அது. மூன்று வருடங்கள் அதன் வாசலைத் தாண்டிப் போவார், உள்ளே பார்க்கமாட்டார். நான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். பிறகு என் கணவரின் உம்மா, எங்கள் மாமி, மௌத்தானார். நகரத்துப் பள்ளியின் சந்தூக்கு வேறொரு ஜனாஸாவுக்குப் போயிருந்தது. ஆளனுப்பாமலே காக்கா பாலத்தடிச் சந்தூக்கோடு வந்து வாசலில் நின்றார். எனது கணவர் மறுபக்கத்தைப் பிடித்து உள்ளே எடுத்தார். அடக்கம் முடிந்து திரும்பியபோது, “மச்சான், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார். “சீனி போடாம” என்றார் காக்கா. அவர்களுக்கிடையில் நடந்த சமாதானப் பேச்சு இவ்வளவுதான்.

அவர் மறைந்த அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸா புறப்பட்டது. இப்போது பக்கத்தில் கொங்கிறீட் பாலம் வந்துவிட்டது. வாகனங்கள் அதில்தான் போகின்றன. ஆனாலும் எல்லாரும் இரும்புப் பாலத்திலேயே ஏறினார்கள். முன் வலக் காலை எனது கணவர் பிடித்தார். அறுபத்தைந்து வயதில், பாலம் முடியும்வரை யாரிடமும் மாற்றிக்கொடுக்கவில்லை. தவராசா பாண்டிருப்பிலிருந்து வேலை உடுப்போடு வந்திருந்தார். நடுக் கண்ணில் அவருக்கும் தோள் கொடுக்க இடம் விட்டார்கள். அப்போது பின்னாலிருந்து ஒருவர், அன்று அடித்தவர்களில் ஒருவர்தான், “டேய், உள்ளுக்க ஆரெண்டு ஒருக்காப் பாத்திட்டீங்களா?” என்றார். சிரித்தார்கள். சிரித்தவர்களே அழுதார்கள். சந்தூக்கு இறங்கவில்லை.

அன்றைய தினம் குளிப்பாட்டிக் கபனிட்ட ஜமாஅத்தார், கப்ர் வெட்டிய இளைஞர்கள், மதினி விதவையாக வீட்டிலிருந்த இத்தாக் காலம் முடியும்வரை வேளை தவறாமல் சோறு அனுப்பிய அயல் வீட்டார், பாண்டிருப்பிலிருந்து பாயும் பாலும் கொண்டுவந்த குடும்பங்கள், நெற்றியில் தழும்போடு பிஸ்கட் பெட்டிகளைச் சுமந்து வந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்த விற்பனை முகவர் ஆகிய எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களுக்கான கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. காக்கா அவர்களால் யாருக்கேனும் வருத்தம் நேர்ந்திருந்தால் அவருக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வாசித்து முடித்ததும் ஒரு யாசீன் ஓதுங்கள்.

அடக்கத்துக்கு மறுநாள், பெப்ரவரி 18. நான் மதினியின் வீட்டில் தங்கியிருந்தேன். சுபஹ் முடிந்து வெளிச்சம் வரும்போது பள்ளிவாசலின் பின்பக்கத்திலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. வேலியோரம் போய்ப் பார்த்தேன். சந்தூக்கு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மகன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு முனையைப் பிடித்திருந்தான். தவராசா குந்தியிருந்து அடிப்பலகையில் கையால் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“கழுவத்தானே வேணும். என்ன அடிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“ஒரு ஆணி, அக்கா. சும்மா தடவினாக் கைக்குத் தெரியாது. ஆள் படுத்தாத்தான் பலகை தாழும், ஆணி மேல வரும்.” அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “அண்டைக்குப் பாலம் முழுக்க முதுகிலயே இருந்திச்சி. கத்த ஏலாதே.”

அந்தச் சேர்ட்டின் முதுகு எனக்கு நினைவு வந்தது. “காக்காட்டச் சொல்லல்லியா?”

“உசிரக் காப்பாத்தினவரிட்டப் போய் ஆணி குத்தினதெண்டு என்னெண்டு அக்கா சொல்ற? இதில போற செத்தவங்களுக்கு நோவு தெரியாதுதானே எண்டு உட்டிட்டன்.” சுத்தியலைக் கையில் எடுத்தார். “நேத்து அவர் இதிலதானே போனார்.”

ஆணியை அடித்து மடக்கினார். பிறகு சந்தூக்கை நிமிர்த்தி, உட்பலகையில் தன் முழு எடையும் படும்படி இரு உள்ளங்கைகளையும் ஊன்றி, தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கம்வரை அழுத்திப் பார்த்தார். மகனையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். அதன் பின்னர்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கினார்கள்.